பாட்டிலில் 'ஆல்கஹால்' என்று போட்டிருக்கிறதே?

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. தெம்புக்குத் தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் லேபிளில் ஆல்கஹால் என்று இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கும் பெண் குடிக்கலாமா, ஐயா?

பதில்: லேபிளைப் படித்தீர்களே, அதுவே பெரிய விஷயம் அம்மா. பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும், ஆனால் அதை யாரும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை, தானாக உண்டாவது. வில்வம், பாதிரி, குமிழ், முன்னை, கண்டங்கத்திரி, நெருஞ்சில் என்று பத்து மூலிகைகளின் வேர்களோடு இன்னும் பல சரக்குகளைச் சேர்த்துக் கஷாயமாகக் காய்ச்சி, ஆறியதும் வெல்லம், தேன், காட்டாத்திப் பூ போட்டு வாயைச் சீலையால் கட்டி ஒரு மாதம் போல மூடி வைப்பார்கள். பூவில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று சாராயமாக்கும், மூலிகைச் சத்து அதில் இறங்கும். பழைய வைத்தியர்கள் பானையில் காதை வைத்து 'உஸ்' சத்தம் அடங்கிவிட்டதா என்று கேட்பார்கள், எரியும் திரியை உள்ளே காட்டுவார்கள். அணைந்தால் இன்னும் புளிக்கிறது, எரிந்தால் தயார்.

பிரசவத்துக்குப் பின் வரும் அசதி, இடுப்புவலி, பசியின்மைக்குக் கொடுப்பது வழக்கம்தான். சாதாரண அளவு 15 மில்லி, அதே அளவு தண்ணீர் கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு. அதில் சாராயம் 1 மில்லி சொச்சம். கொஞ்சம்தான், ஆனால் தாயின் ரத்தத்தில் இருப்பது பாலிலும் வரும், பச்சைக் குழந்தை வேறு. அதனால் பிரசவம் பார்த்த டாக்டரிடம் பாட்டிலைக் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். முக்கியமாக, தொற்றுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தால் இது வேண்டவே வேண்டாம், அந்த மாத்திரைக்கு மது ஆகாது, வாந்தி, படபடப்பு வரலாம். சர்க்கரை இருந்தாலும் யோசியுங்கள், வெல்லம் மிச்சமிருக்கும். தெம்புதான் குறை என்றால் முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு இது மருந்தில்லை.

கேள்வி: அரிஷ்டம், ஆசவம் இரண்டும் ஒன்றா?

பதில்: அண்ணன் தம்பி. காய்ச்சிப் புளிக்க வைத்தால் அரிஷ்டம், காய்ச்சாமல் வைத்தால் ஆசவம், கற்றாழைச் சாற்றில் செய்யும் குமாரியாசவம் மாதிரி. ஆல்கஹால் இரண்டிலும் உண்டு. அடியில் வண்டல் தங்கியிருந்தால் பயப்படாதீர்கள், குலுக்கிவிட்டு அளந்து ஊற்றுங்கள்.