மோனாடை ஓரமாக வை, கண்ணு

கேள்வி: கருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு அம்மாப்பேட்டை, அப்பாவுக்குத் தறி வேலை. புரோகிராமிங் மொழிகள் உள்ளுக்குள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், ஃபங்ஷன்களை வைத்தே எழுதும் ஹாஸ்கெல் மொழியைத் தொடங்கினேன். படிகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கும் மோனாட் என்ற அமைப்பு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டகரி தியரி என்ற கணிதப் பிரிவைப் படிக்காமல் அது புரியாது என்கிறார்கள். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். “ஜாவா படி, வேலைக்குப் போ, இதெல்லாம் வெட்டி வேலை” என்று அண்ணன் திட்டுகிறான். விட்டுவிடவா?
– வாசகி, சேலம்

பதில்: விட வேண்டாம் கண்ணு. மோனாடை மட்டும் கொஞ்ச நாள் ஓரமாக வை. 1990இல் ஹாஸ்கெல்லின் முதல் வரையறை வந்தபோது அதில் மோனாட் கிடையாது. உள்ளீடு, வெளியீடு எல்லாம் மோனாட் வழியாக என்று ஆனது 1996இல் வந்த 1.3 பதிப்பில்தான். ஆறு வருஷம் அந்த மொழியே அது இல்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. நீ ஆறு மாசம் நடத்த மாட்டாயா?

முதலில் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு நோட்டை எடு. கணித அறிஞர் அலோன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா கால்குலஸ் என்ற கணக்கு முறையில் மூன்றே சங்கதிகள்: பெயர், ஃபங்ஷன், ஃபங்ஷனுக்கு ஒன்றைக் கொடுப்பது. நீ எண்களையும் சேர்த்துக்கொள். ‘இரட்டி’ என்று ஒரு ஃபங்ஷன். கொடுத்ததை அதே எண்ணோடு கூட்டும். அதற்கு 3+4ஐக் கொடு. முதலில் 7 ஆக்கிவிட்டு உள்ளே அனுப்பினால் 7+7. அப்படியே அனுப்பினால் (3+4)+(3+4). வேலை கூடுகிறது, விடை அதே 14.

இனி, இரண்டு பொருள் வாங்கி முதலாவதை மட்டும் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன். முதலாவது 5; இரண்டாவது முடிவே இல்லாத ஒரு கணக்கு. ஜாவா மாதிரி இரண்டையும் முடித்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹாஸ்கெல் இரண்டாவதைத் தொடாமலே 5 என்றுவிடும். எந்த வரிசையில் சுருக்கினாலும் முடிகிற வழிகள் எல்லாம் ஒரே விடையில்தான் சேரும் என்று சர்ச்சும் அவர் மாணவர் ராஸரும் 1936இல் நிரூபித்தார்கள். முடிகிறதா இல்லையா என்பதுதான் வரிசையைப் பொறுத்தது. ஈகர் (முன்கூட்டியே கணக்கிடுவது), லேசி (தேவைப்படும்போது கணக்கிடுவது) என்று பாடத்தில் மிரட்டுகிறார்களே, அதன் வேர் இதுதான். கையால் போட்டுப் பார்த்தவளுக்கு மறக்காது.

அடுத்து, ஹாஸ்கெல்லிலேயே ஒரு குட்டி மொழிக்கு இன்டர்பிரிட்டர், அதாவது அந்த மொழியில் எழுதியதை வாங்கி ஓட்டும் புரோகிராம், எழுது. எண், கூட்டல், பெயர், ஃபங்ஷன், அழைப்பு என்று ஐந்து வகை கொண்ட ஒரு டேட்டா டைப், அதைப் பிரித்துப் பார்த்து விடை சொல்ல ஒரு ஃபங்ஷன். நூறு வரிகூட வராது. எழுத்தாக உள்ள நிரலைக் கிளை பிரியும் மரமாக மாற்றும் பார்ஸர் எழுத உட்காராதே. மரத்தைக் கையாலேயே கட்டிக் கொடு. (பாதிப் பேருக்கு பார்ஸரிலேயே நாக்குத் தள்ளிவிடுகிறது.)

எழுதும்போது ஒரு கேள்வி வரும். ஒரு ஃபங்ஷன் தனக்கு வெளியே இருக்கும் பெயரைச் சொன்னால் எந்த மதிப்பை எடுப்பது? எழுதிய இடத்தில் இருந்ததையா, அழைக்கிற இடத்தில் இருப்பதையா? ஆரம்பகால லிஸ்ப் மொழி அழைக்கிற இடத்தைப் பார்த்தது. 1975இல் வந்த ஸ்கீம் மொழி எழுதிய இடத்தைப் பார்த்தது. இன்றைய மொழிகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான். ஏற்காட்டுக்குக் கட்டுச்சோற்றோடு கிளம்பும் குடும்பம் மாதிரி, ஃபங்ஷன் தான் பிறந்த இடத்துப் பெயர்களையும் மதிப்புகளையும் கட்டிக்கொண்டு போகிறது. குளோஷர் என்பது அந்தக் கட்டோடு சேர்ந்த ஃபங்ஷன்.

பெயர் கிடைக்காமல் போனால் பிழை சொல்ல வேண்டுமே, அதற்கு ‘விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்று சொல்லும் ‘மேபி’ டைப்பைப் போடுவாய். கூட்டலின் இரண்டு பக்கமும், அழைப்பின் இரண்டு பக்கமும் “விடை வந்ததா, இல்லையா” என்று கேஸ் எழுதி எழுதிக் கை சலித்துவிடும். திரும்பத் திரும்ப வரும் அந்தத் துண்டைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து எடுத்து, அதன் டைப்பை எழுது. ஒரு படியின் விடையை அடுத்த படிக்குக் கடத்தும் மோனாடின் ‘பைண்ட்’ உன் கையில் இருக்கும். கேட்டகரி தியரி எங்கேயாவது குறுக்கே வந்ததா?

கணக்கு பற்றிய பயமும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் தமிழில் படித்த கணிதத் தொகுத்தறிதலை எண்களுக்குப் பதில் மரங்களின் மேல் செய்யப் பழகு. இந்தத் துறையின் நிரூபணங்களில் பெரும்பகுதி அந்த ரகம்தான். 2002இல் வந்த பெஞ்சமின் பியர்ஸின் ‘டைப்ஸ் அண்ட் புரோகிராமிங் லாங்குவேஜஸ்’ தரமான புத்தகம். ஆனால் உன் இன்டர்பிரிட்டர் ஓடிய பிறகு திற. அதற்கு முன் திறந்தால் வெறும் குறியீடாகத்தான் தெரியும்.

அண்ணன் சொல்வதை முழுசாகத் தள்ளாதே. ஹாஸ்கெல் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்கும் கம்பெனிகள் குறைவு. தறி வருமானத்தில் ஓடும் வீட்டில் பிளேஸ்மென்ட்டை அலட்சியம் செய்ய முடியாது. வார நாளில் ஜாவா, ஞாயிற்றுக்கிழமை இது. ஜாவாவிலேயே 2014இல் எட்டாம் பதிப்போடு லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) வந்துவிட்டது. ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் எழுதப்பட்டது ஓகேமல்லில். வாட்ஸ்அப் சர்வர்கள் எர்லாங்கில். இரண்டும் ஹாஸ்கெல் மாதிரி ஃபங்ஷனை மையமாக வைத்த மொழிகள். அண்ணனிடம் சொல், கொஞ்சம் குரல் தணியும்.

சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் ஆசிரியர்கள் என்பிடெல் என்ற அரசு ஆதரவு இணையப் பாடத் தளத்தில் நடத்திய ஹாஸ்கெல் பாடத்தின் காணொளிகள் இலவசம். ஆங்கிலம்தான், நிறுத்தி நிறுத்திக் கேள். மேலே படிக்க ஆசை வந்தால் அந்த நிறுவனமே சிறுசேரியில் இருக்கிறது. எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு அல்காரிதம், ஆட்டோமாட்டா, டிஸ்கிரீட் கணிதம் முக்கியம். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும், இந்த செமஸ்டர் லீவில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்.