உள்ளே தள்ளினால் அணைந்துபோகும் கார் ஸ்டீரியோ

கேள்வி: என் பழைய காரில் புதிய ஸ்டீரியோவை நானே பொருத்துகிறேன். வயர்களை இணைத்து, வெளியே தொங்கவிட்டுப் பார்த்தபோது நன்றாகப் பாடியது. டேஷ்போர்டுக்குள் தள்ளியதும் அணைந்துவிட்டது. வெளியே இழுத்தால் சில நேரம் உயிர் வருகிறது, சில நேரம் வருவதில்லை. பின்புறமுள்ள 10 ஆம்பியர் ஃபியூஸ் எரியவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வெளியே பாடியது உள்ளே போனதும் அணைகிறது என்றால், இடையில் அசைந்தது எதுவோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அசைந்தவை வயர்கள்.

ஸ்டீரியோவுக்கு உயிர் கொடுப்பவை மூன்று வயர்கள். மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். சிவப்பில் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும். கறுப்பு எர்த். இந்த நிறங்கள் புதிய ஸ்டீரியோவின் வயர்களுக்கே பொருந்தும். காரின் பக்கத்து வயர்களை நிறம் பார்த்து நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ கப்ளர் (பல கார்களுக்கும் பொதுவான வடிவில் வரும் வயர் இணைப்பி) உள்ள கார்களில் பொதுவாக 4ஆம் பின் மஞ்சளுக்கு, 7 சிவப்புக்கு, 8 எர்த்துக்கு. சில ஐரோப்பிய கார்களில் 4ம் 7ம் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் கடிகாரமும் அமைப்புகளும் அழிந்துபோனால், பெரும்பாலும் இந்த மாற்றம்தான் காரணம்.

பலர் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் காட்டியதும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்பும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். கரண்ட் இழுக்கும்போதுதான் படுத்துவிடும். அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டிக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். காரின் பக்கத்துக் கப்ளரில், ஸ்டீரியோவின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் போகும் பின்களுக்கு இடையே பல்பை வைத்து, வயர்களை அசைத்துப் பாருங்கள். மங்கினால், கறுப்பிலிருக்கும் முனையை எடுத்து, பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் வையுங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில். அப்போதும் மங்கலாகவே இருந்தால் மஞ்சளில். சிவப்பையும் இதே போலச் சோதியுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால், மஞ்சள் நிறக் கப்ளர்கள் பக்கம் மட்டும் இந்தப் பல்பைக் கொண்டுபோக வேண்டாம்.

எர்த் கோளாறு ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. கறுப்பு வயர் சரியாகப் பிடிக்காவிட்டாலும், ஆன்டெனா வயரின் வெளிப்பின்னல் பாடியைத் தொட்டு எர்த்தாக வேலை செய்யும், ஸ்டீரியோவும் பாடும். ஆன்டெனாவைப் பிடுங்கியதும் அணைந்தால் சந்தேகமே வேண்டாம். கறுப்பு வயரைப் பாடியில் தனி போல்ட்டில், பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

மூன்று வயர்களும் நன்றாக இருந்தால், ஸ்பீக்கர் கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோவை உள்ளே தள்ளுங்கள். அணையாமல் இருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் பின்னால் நசுங்கி உலோகத்தைத் தொடுகிறது. இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயரும் பாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஸ்டீரியோ தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், ஃபியூஸ் அப்படியே இருக்கும்.

வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அதைப் பிரித்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சாதாரண டேப்பின் பசை இளகி, சுற்று கழன்றுவிடும். சோல்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுவதோ, கிரிம்ப் (உலோக முனையை நசுக்கி இறுக்குவது) செய்வதோ நல்லது. அதைவிட நல்லது, காருக்கு ஏற்ற அடாப்டர் கப்ளரை வாங்குவது. காரின் வயரில் கத்தியே வைக்க வேண்டியதில்லை. வெட்டி ஒட்டும் வேலை எதுவானாலும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அணைந்தால், ஸ்டீரியோவைக் காரிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து, 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை மைனஸிலும் நேரடியாகக் கொடுங்கள். ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். அங்கேயும் அணைந்தால், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.