ஸ்பாட்டர் பாஸுக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சித்தப்பா வீடு சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். 2024 ஆகஸ்ட்டில் தரங் சக்தி என்ற பன்னாட்டு விமானப்படைப் பயிற்சி நடந்தபோது ரஃபேல், டைஃபூன் போர் விமானங்கள் தலைக்கு மேல் போயின, போனில் எடுத்தேன், வெறும் புள்ளிதான் விழுந்தது. இப்போது கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கிவிட்டேன். அடுத்த முறை இப்படி ஒரு பயிற்சி வந்தால் வான்சண்டையைப் படம் எடுக்க ஆசை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 4,500 ரூபாயும் ஆதார் நகலும் கொடுத்தால் ‘ஸ்பாட்டர் பாஸ்’, அதாவது விமானங்களைப் பார்த்துப் படம் எடுக்கும் ரசிகர்களுக்கான அனுமதிச் சீட்டு, வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? 600 எம்எம் லென்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

பதில்: தம்பி, பணத்தைக் கொடுக்காதீர்கள், ஆதார் நகலை அதைவிடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பாஸை விமானப்படை யாருக்கும் விற்பதில்லை. பயிற்சியின்போது பத்திரிகைக்காரர்களை ஒரு நாள் உள்ளே அழைப்பார்கள், அதுவும் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி வழியாக, நிறுவனத்தின் பெயரோடு, பெயர்ப் பட்டியல் போட்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் என்று யாராவது வாயைத் திறந்தாலே ஆள் போலி. பணம் போனால் 4,500 ரூபாயோடு போகிறது. ஆனால் ‘ராணுவத் தளத்தைப் படம் எடுக்க ஆர்வமுள்ளவர்கள்’ என்று முன்பின் தெரியாத ஒருவன் கையில் ஒரு பட்டியல் இருந்து, அதில் உங்கள் ஆதாரும் இருந்தால், நாளைக்கு அவன் மாட்டும்போது முதலில் விசாரணைக்குப் போவது நீங்கள்தான்.

இவனைவிட மோசமான இன்னொருவன் இருக்கிறான். நீங்கள் இன்ஸ்டாகிராமில் நாலு நல்ல படம் போட்டதும் வருவான், சில சமயம் பெண் பெயரில் வருவான். ‘வெளிநாட்டு இதழுக்கு வேண்டும், குறுக்காத அசல் கோப்பாக அனுப்புங்கள், வால் எண் (ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள அடையாள எண்) தெளிவாகத் தெரிகிற படத்துக்குக் கூடுதல் பணம்’ என்பான். விமான இதழ்கள் படம் வாங்குவது உண்மைதான், ஆனால் எந்த ஆசிரியரும் ஒரு கல்லூரி மாணவனிடம் எத்தனை விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று கேட்பதில்லை. அப்படி ஒரு கேள்வி வந்த உடனே பேச்சை நிறுத்துங்கள், உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். இந்தச் சின்ன ஆசையில்தான் பையன்கள் மாட்டுகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விமானப்படைத் தளம் அதில் ‘தடைசெய்யப்பட்ட இடம்’. அரசுக்குச் சொந்தமான விமானத்தையும் அந்த வரையறையிலேயே சேர்த்திருக்கிறார்கள். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு அந்த இடத்தை நெருங்கினாலோ படம் எடுத்தாலோ, ராணுவ நிலையம் சம்பந்தப்பட்டது என்றால் 14 ஆண்டு வரை சிறை. கெட்ட நோக்கம் இருந்தால்தானே குற்றம் என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அந்த நோக்கத்தைச் சூழ்நிலையையும் உங்கள் நடத்தையையும் வைத்தே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் மதில், வாயில், ஓடுபாதை, ரேடார், நிறுத்திவைத்த விமானம் எதுவும் வேண்டாம். வேலி ஓரமும் வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது உங்கள் சித்தப்பா வீட்டு மொட்டை மாடி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் ‘என் வீடு, என் மாடி, யார் கேட்பது’ என்கிறார்கள், மீதிப் பேர் வானத்தைப் பார்க்கவே பயப்படுகிறார்கள். இரண்டும் தப்பு. வீட்டில் நின்று தலைக்கு மேல் பறக்கும் விமானத்தைப் பார்ப்பது குற்றமல்ல. ஊரே பார்க்கிறது. ஆனால் மாடி என்பது அனுமதிச் சீட்டு அல்ல. மாடியிலிருந்து தளத்தின் உள்பக்கம் தெரிந்தால், அந்த மாடியே வேண்டாம். தெரியாவிட்டாலும் சட்டகத்துக்குள் வானமும் விமானமும் மட்டும்தான் இருக்க வேண்டும், கீழே ஒரு கூரை முனைகூட வேண்டாம், படத்தைப் பார்த்து எங்கிருந்து எடுத்தது என்று யாரும் கணக்குப் போட முடியாமல் இருக்க வேண்டும். முக்காலி வைக்காதீர்கள், கையில் பிடித்து எடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் நேரமும் வால் எண்ணும் எழுதுகிற பழக்கம் வெளிநாட்டு ரசிகர்களுக்கு உண்டு, இங்கே அது உங்களுக்கு எதிரான சாட்சி. சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது, புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். தெரு முனையில் இருக்கும் வேறொருவர் மாடியைக் காசு கொடுத்துப் பிடித்து, ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர் வைத்துப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால், சொந்த வீட்டில் நின்று பார்த்தேன் என்ற பேச்சு அப்போதே போய்விட்டது. எல்லை எங்கோ பதற்றமாக இருக்கிறது என்றால் உங்கள் சொந்த மாடியிலும் கேமராவை எடுக்காதீர்கள்.

யாராவது வந்து கேட்டால் வாக்குவாதம் செய்யாதீர்கள், தளத்துக்குப் பக்கத்தில் காவலருக்கு இடையூறு செய்வதே அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். படங்களைக் காட்டுங்கள். பயந்துபோய் அழிக்காதீர்கள், அழித்தால்தான் சந்தேகம் வரும். கேமராவை அவர்கள் எடுத்துக்கொண்டால் மகஜர் (பறிமுதல் விவரம் எழுதிய பத்திரம்) நகல் கேளுங்கள். விமானிகள் பேசுவதைக் கேட்கலாம் என்று ஏர்பேண்ட் ரேடியோ எதுவும் வாங்கிவிடாதீர்கள். 2010-இல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டலில் தங்கியிருந்த இரண்டு பிரிட்டிஷ் விமான ரசிகர்கள் அந்தக் கருவியோடு பிடிபட்டு, வழக்கு முடிகிறவரை ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதில் எனக்குக் கோபம் உண்டு. 2001-இல் கிரீஸ் நாட்டின் கலமாட்டா தளத்தில் 12 பிரிட்டிஷ் ரசிகர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள், மேல்முறையீட்டில்தான் விடுவித்தார்கள். அதே கிரீஸ் இன்று ஆண்ட்ராவிடா தளத்தில் இனியோகோஸ் பயிற்சி நடத்தும்போது ரசிகர்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, முன்பதிவு வாங்கி, ஓடுபாதை ஓரமாக நிற்க விடுகிறது. 2023-இல் நம்முடைய சுகோய்-30 விமானங்களும் அந்தப் பயிற்சிக்குப் போயிருந்தன. நெதர்லாந்தின் லேவர்டன் தளத்தில் ரசிகர்கள் நிற்கத் தனி இடமே இருக்கிறது. சூலூரிலும் பெயர் பதிவு செய்து, காவல்துறை சரிபார்த்து, அரை நாள் விட்டால் பாஸ் விற்கிற கூட்டம் ஒரே வாரத்தில் காணாமல் போகும். இங்கே பொதுமக்களைக் கூப்பிட்டால் மொத்தமாகக் கூப்பிடுகிறார்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா சாகச நிகழ்ச்சியில் வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்துபோனார்கள். யாரையும் விடாமல் இருப்பதற்கும் எல்லோரையும் மொத்தமாகக் கூப்பிடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, யாரும் யோசிப்பதில்லை.

சரி, படத்துக்கு வருவோம். வான்சண்டையை நீங்கள் எடுக்க முடியாது, யாரும் தரையிலிருந்து எடுப்பதில்லை. சண்டை தளத்தின் மேல் நடக்காது, அதற்கென ஒதுக்கிய வான்பரப்பில், எங்கோ தொலைவில், பல ஆயிரம் அடி உயரத்தில் நடக்கும். அதிலும் பாதிச் சண்டை கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து ஏவுகணை விட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வதுதான். அமெரிக்காவில் 1975-லிருந்து நடக்கும் ரெட் ஃபிளாக் பயிற்சியிலும் அப்படித்தான், நீங்கள் பார்த்து ஏங்குகிற படங்களில் பெரும்பாலானவை லாஸ் வேகாஸ் ஓரத்தில் நெல்லிஸ் தளத்திலிருந்து விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்தவை. அதனால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே தருணங்கள்: கும்பலாகக் கிளம்பும் நேரம், சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பும் நேரம்.

திரும்புவதுதான் அழகு. வரிசையாக ஓடுபாதைக்கு மேல் வந்து, சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சரிந்து திரும்பும். உங்கள் பக்கம் சரிந்தால் விமானத்தின் முதுகு முழுசாகத் தெரியும், எதிர்ப்பக்கம் சரிந்தால் வயிறுதான். முதல் விமானத்தை விட்டுவிடுங்கள், எந்த இடத்தில் சரிகிறது என்று மட்டும் பாருங்கள், இரண்டாவதும் கிட்டத்தட்ட அங்கேதான் சரியும். ஆகஸ்ட்டில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும், ஆகவே சாயங்கால வெயில் இறங்கும் விமானத்தின் மூக்கில் விழும்.

600 எம்எம் வாடகை வேண்டாம். வாடகைக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது ஏற்கெனவே இருந்த கீறலை உங்கள் தலையில் கட்டுவார்கள். மேலும் மத்தியான வெயிலில் தூரத்து விமானம் கொதிக்கிற காற்றுக்குள் நெளியும், அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது, பெரிய லென்ஸ் நெளிவையும் பெரிதாக்கித்தான் காட்டும். உங்கள் கேமராவில் இருப்பது க்ராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) என்றால் உங்கள் 300 எம்எம் சுமார் 450-க்குச் சமம், தலைக்கு மேல் போவதற்குப் போதும். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1600 விநாடி அல்லது அதைவிட வேகமாக. ஏ400எம் மாதிரி சுழல்விசிறி விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் 1/250-க்குக் கீழே இறங்குங்கள், இல்லாவிட்டால் விசிறி உறைந்துபோய் விமானம் பொம்மையாகத் தெரியும். வெள்ளை மேக வானத்தில் கேமரா ஏமாந்து விமானத்தைக் கருப்பாக்கிவிடும், எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். தொடர் ஃபோகஸ், நடுப்புள்ளி போதும்.

எடுத்த படத்தை அன்றே போடாதீர்கள். பயிற்சி முடிந்து, வந்த விமானங்கள் ஊர் திரும்பிய பிறகு, இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் போடுங்கள். ‘சூலூர், இன்று காலை’ என்று தலைப்பு வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் பாஸ்காரன் எண்ணைத் தடைசெய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்றப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள்.