மே மாதத்தில் அட்டவணையைக் கீழிருந்து படியுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் போல இருந்தது. டோர்ட்முண்டுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் படிப்பும் வேலையுமாக இருக்கிறீர்கள். மே பிறந்ததிலிருந்து வேலையிடத்தில் உதைபந்தாட்டத்தைத் தவிர யாரும் வேறொன்றும் கதைப்பதில்லை, கூட வேலை செய்பவர் லீக்கின் கடைசிச் சனிக்கிழமைப் பின்னேர ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறார், ரயிலில் கூட்டமாகப் பாடிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிண்ணம் வெல்ல வழியே இல்லாத அணிக்காக வளர்ந்த ஆண்கள் ஏன் அழுகிறார்கள், இதெல்லாம் எனக்கு எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஷிப்ட். மாற்றிக் கொடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இந்த ஊரில் ஒருவருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அந்தச் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பது பெரியது. அதை அவர் லேசில் மறக்கமாட்டார். பதிலுக்கு ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் ஞாயிறன்று உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று அப்போதே சொல்லிவையுங்கள். தேரும் சில வாரம் முன்பின்னாக இந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும். தேர் என்றால் என்ன என்று நீட்டி விளங்கப்படுத்தத் தேவையில்லை. "உங்களுக்குக் கடைசிச் சனிக்கிழமை மாதிரி எங்களுக்கு அது" என்றால் போதும், டோர்ட்முண்ட்காரருக்கு உடனே விளங்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புண்டஸ்லீகா என்பது ஜேர்மனியின் முதல் லீக். 18 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, அவர்கள் ஊருக்குப் போய் ஒருமுறை என்று மொத்தம் 34 ஆட்டம் ஆடும். இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் 1. ஆகஸ்டிலிருந்து மே வரை சேர்த்த புள்ளிதான் கணக்கு. புள்ளி சமமாக வந்தால் அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம். அதுவும் சமமென்றால் யார் கூடுதலாகக் கோல் அடித்தார்கள் என்று பார்ப்பார்கள்.

கடைசிச் சுற்றில் ஒன்பது ஆட்டமும் சனிக்கிழமை பிற்பகல் 3.30க்கு ஒரே நேரத்தில் தொடங்கும். பக்கத்து மைதானத்தில் என்ன முடிவு வந்தது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதுதான் நியாயம். அதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் 1982 உலகக்கிண்ணம். ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முதல்நாளே ஆடி முடித்திருந்தது. மேற்கு ஜேர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் வென்றால் அந்த இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வீட்டுக்குப் போகும். பத்தாவது நிமிடம் ஹ்ருபெஷ் ஒரு கோல் அடித்தார். மிச்ச நேரம் முழுக்க இரண்டு பக்கமும் பந்தைத் தங்களுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு நின்றார்கள். பார்த்த ஜேர்மன்காரருக்கே வெட்கமாகிப்போன ஆட்டம் அது. அடுத்த உலகக்கிண்ணத்திலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கத் தொடங்கினார்கள்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி, ஏன் அழுகிறார்கள் என்பது. நீங்கள் அட்டவணையை மேலிருந்து பார்க்கிறீர்கள். கீழிருந்து பாருங்கள். கடைசி இரண்டு இடத்தில் நிற்கும் அணிகள் அந்த மாலையே இரண்டாம் லீக்கிற்கு இறக்கப்படும். 16ஆம் இடத்து அணி இரண்டாம் லீக்கின் மூன்றாவது அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் பெருமளவு குறைந்துவிடும், நல்ல ஆட்டக்காரர் போய்விடுவார்கள், அலுவலகத்தில் வேலை செய்யும் சாதாரண ஆட்களுக்கும் வேலை போகலாம். சாம்பியன் ஆகும் சந்தோஷம் ஒரு ஊருக்கு. இறங்கிவிடுவோமோ என்ற பயம் நான்கைந்து ஊருக்கு. அதனால் சீசனின் கடைசி நாட்களில் உண்மையான நாடகம் அடிப்பக்கத்தில்தான் நடக்கும் என்பது என் எண்ணம்.

1999 மே 29ஆம் தேதியைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அப்போது மூன்று அணிகள் நேரடியாக இறங்கும். இரண்டு ஏற்கெனவே முடிவாகிவிட்டன. மிச்சமிருந்த ஒரு குழிக்கு நியூர்ன்பெர்க், ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க், ரொஸ்டொக், பிராங்க்ஃபர்ட் என்று ஐந்து அணிகள். காலையில் நியூர்ன்பெர்க் 12ஆம் இடத்தில் இருந்தது, பிராங்க்ஃபர்ட்டை விட மூன்று புள்ளி கூட. தாங்கள் இறங்குவோம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. பின்னேரம் அவர்கள் சொந்த மைதானத்தில் ஃப்ரைபுர்க்கிடம் 1-2 தோற்றார்கள். அதே நேரம் பிராங்க்ஃபர்ட் கைசர்ஸ்லவுடர்னுக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்தில் நான்கு கோல் அடித்து 5-1 என்று வென்றது. கடைசிக் கோலை அடித்தவர் நோர்வேக்காரர் ஃபியோர்டொஃப்ட். அப்படிப்பட்ட நேரத்தில், கோல் காப்பாளரின் முன்னால் பந்துக்கு மேலே காலைச் சுழற்றி ஏமாற்றிவிட்டு அடித்தார்! இரண்டு அணிக்கும் 37 புள்ளி, கோல் வித்தியாசமும் ஒன்றே. பிராங்க்ஃபர்ட் அடித்தது 44 கோல், நியூர்ன்பெர்க் 40. இறங்கியது நியூர்ன்பெர்க்.

அதை வானொலியில் கேட்டவர்கள் நிறையப் பேர். சனிக்கிழமைகளில் இங்கே ஒரு வானொலி முறை உண்டு, கொன்ஃபெரென்ஸ் என்பார்கள். ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு அறிவிப்பாளர் இருப்பார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஊரில் கோல் விழுந்தால் அந்த ஊர் அறிவிப்பாளர் நடுவில் புகுந்து கத்துவார். அன்றைக்கு நியூர்ன்பெர்க்கிலிருந்து பேசியவர் கியுந்தர் கொஹ். "இங்கே நியூர்ன்பெர்க், பாதாளத்திலிருந்து பேசுகிறோம்" என்று அவர் சொன்னதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். உங்கள் இல்லத்தில் வயதானவர்கள் ரேடியோவைச் சுற்றி இருந்தால் நீங்களும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். டொச், அதாவது ஜேர்மன் மொழி, கேட்டுப் பழக இதைவிட நல்ல வகுப்பு இல்லை. வேகமாகத்தான் பேசுவார்கள், ஆனால் சொல்வது முழுக்க ஊர்ப் பெயர், ஆள் பெயர், இலக்கம், நிமிடம். அரை மணித்தியாலத்தில் காது பிடித்துவிடும்.

அந்த வயதானவர்கள் யார் என்பதையும் நினையுங்கள். டோர்ட்முண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மினிஸ்டர் ஸ்டைன் 1987இல் மூடப்பட்டது. பீனிக்ஸ் உருக்காலையில் கடைசி வேலை 2001இல் நின்றது. ஆலை நின்ற இடத்தில் இப்போது ஏரி வெட்டி, கரையில் விலைகூடிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்த இடமெல்லாம் போய்விட்டது. சனிக்கிழமை போய் நின்ற மைதானம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அப்பா கூட்டிப்போன இடத்துக்கு மகனைக் கூட்டிப்போனவர்கள். அவர்கள் அழுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

2023 மே 27ஐப் பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தெரியாமல் இந்த ஊரில் இருக்க முடியாது. டோர்ட்முண்ட் 70 புள்ளி, பயேர்ன் மியூனிக் 68. பயேர்ன் தொடர்ந்து பத்துத் தடவை சாம்பியன். டோர்ட்முண்டுக்கு 2012க்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. சொந்த மைதானத்தில் மைன்ஸை வென்றால் போதும், வேறு கணக்கே இல்லை. நான் பொர்சிக்பிளாட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் தொலைக்காட்சி முன் நின்றேன். 1909இல் கழகம் பிறந்த இடம் அந்தச் சுற்றுவட்டம்தான். இன்று துருக்கிக்காரர், அரபுக்காரர், பல்கேரியர், எங்கள் ஆட்கள் என்று எல்லோரும் இருக்கும் பகுதி. ஜன்னலெல்லாம் மஞ்சள்-கறுப்புக் கொடி. 15ஆம் நிமிடம் மைன்ஸ் கோல். சற்று நேரத்தில் டோர்ட்முண்டுக்குக் கிடைத்த பெனல்ட்டியை ஹாலர் அடிக்கக் கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். 24ஆம் நிமிடம் மைன்ஸ் இரண்டாவது கோல். கொலோனில் பயேர்ன் ஏற்கெனவே 1-0.

இரண்டாம் பாதியில் கெரெய்ரோ ஒன்றைத் திருப்பி அடித்தார். பிறகு 81ஆம் நிமிடம் கொலோன் பெனல்ட்டியில் சமப்படுத்தியது. கடைக்குள் கிளம்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள், டோர்ட்முண்ட் 1-2 பின்னால் நிற்கிறது, தோற்றாலும் 70 புள்ளி. பயேர்னுக்குச் சமநிலை என்றால் 69. தோற்றுக்கொண்டே சாம்பியன்! எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், முன்பின் தெரியாத ஆள், என் தோளைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. 89ஆம் நிமிடம் கொலோனில் முசியாலா அடித்தார், 2-1. டோர்ட்முண்ட் கூடுதல் நேரத்தில் சூலே மூலம் 2-2 ஆக்கியது, அது போதவில்லை. இருவருக்கும் 71 புள்ளி, கோல் வித்தியாசம் பயேர்னுக்குத்தான் அதிகம். பயிற்சியாளர் தெர்சிச் இந்தப் பக்கத்து ஆள், சிறுவயதிலிருந்தே இந்தக் கழகத்தின் ரசிகர். சுமார் 25,000 பேர் நிற்கும் தெற்குப் பக்கப் படிக்கட்டு முன்னால் கண்ணீரோடு நின்றார். அந்தச் சனம் அவரைத் திட்டவில்லை. கைதட்டிப் பாடியது.

திங்கள் பெந்தகொஸ்தே விடுமுறை. செவ்வாய் வேலைக்குப் போனால் ஒருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்படி நாள் வந்தால் நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம். முக்கியமாக "விளையாட்டுத்தானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு கோப்பி போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் வேலையிடத்தில் நீலம்-வெள்ளைக்காரர் ஒருவராவது இருப்பார், அதாவது பக்கத்து கெல்சன்கிர்ஷனின் ஷால்கே ரசிகர். டோர்ட்முண்டுக்கும் அவர்களுக்கும் ஜென்மப் பகை. மற்றவர்கள் அவரைக் கேலி செய்யும்போது நீங்கள் சேராதீர்கள். 2001 மே 19 அன்று அவர்கள் உண்டர்ஹாகிங்கை 5-3 வென்றார்கள். ஹம்பர்க்கில் 90ஆம் நிமிடம் பயேர்ன் கோல் வாங்கியது என்று செய்தி வர, 1958க்குப் பிறகு முதல்முறை சாம்பியன் என்று மைதானத்துக்குள் இறங்கி ஆடினார்கள். நான்கு நிமிடம் கழித்து பயேர்னின் ஆண்டர்சன் ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் அடித்தார். மைதானத்தின் நடுவில் நின்றவர்கள் அதைப் பெரிய திரையிலேயே பார்த்தார்கள். அதை நேரில் பார்த்த ஒருவரோடு நான் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறேன். அவரிடம் அதைப் பற்றி நானாகக் கேட்டதில்லை.

ரயில் பயம் நியாயமானதுதான். பியர், பாட்டு, குதிப்பு, சத்தம். பெரும்பாலும் அதோடு சரி. ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னும் பின்னும் பிரதான ரயில் நிலையத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் கூட்டம் ஏறும் பெட்டியை விட்டு, சாரதிக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் தயங்காமல் பொலிஸிடம் போங்கள், அன்றைக்கு நிலையம் முழுக்க நிற்பார்கள். நீல-வெள்ளைச் சால்வையை மட்டும் அன்று வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சனிக்கிழமையோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் லீக்கின் கடைசிச் சுற்று மறுநாள் ஞாயிறு 3.30க்கு. 2023இல் ஹம்பர்க் அணி சாண்ட்ஹவுசனில் வென்று, ரசிகர்கள் மேலே ஏறிவிட்டோம் என்று மைதானத்துக்குள் ஓடினார்கள். ரேகன்ஸ்பூர்க்கில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. அங்கே ஹைடன்ஹைம் மேலதிக நேரத்தில் இரண்டு கோல் அடித்து அந்த இடத்தைப் பறித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த 16ஆம் இடத்து அணியின் இரண்டு ஆட்டம். ரெலெகட்சியோன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1986இல் டோர்ட்முண்டே இதில் மாட்டியது. இரண்டாம் லீக்கின் ஃபோர்ச்சூனா கொலோனிடம் முதல் ஆட்டத்தில் 0-2. திரும்பி ஆடியதில் கடைசி நிமிடத்தில் யூர்கன் வேக்மான் அடித்து 3-1, மொத்தத்தில் சமன். மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள், 8-0 என்று வென்றது டோர்ட்முண்ட். உங்கள் இல்லத்தில் எழுபத்தைந்து தாண்டிய ஆண் யாராவது பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் வேக்மான் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். மாத்திரை கொடுக்கிற வேலையை மட்டும் அதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.