பழைய கடனைப் புது வண்டியில் ஏற்றாதீர்கள்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். எனக்கு வயது 63, மனைவிக்கு 60. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். வீட்டை விற்றதில் 2 லட்சத்து 90 ஆயிரம் டாலர் கையில் இருக்கிறது. இனி வண்டியிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 2019இல் ஒரு சிறிய டிராவல் டிரெய்லர், அதாவது டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி, வாங்கினோம். 2022இல் அதைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கினோம். அதன் கடனில் இன்னும் 33 ஆயிரம் டாலர் பாக்கி. இப்போது 41 அடி நீளமுள்ள புதிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கின் பின்தளத்தில் மாட்டி இழுப்பது) ஒன்றைப் பார்த்திருக்கிறோம். விலை ஒரு லட்சத்து 28 ஆயிரம். பழைய டிரெய்லருக்கு டீலர் 21 ஆயிரம் தருகிறார். முன்பணம் 15 ஆயிரம், 20 ஆண்டுக் கடன், வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 1,215 டாலர். வீட்டுக் கடனுக்குக் கட்டியதைவிட இது குறைவுதான். வட்டிக்கு வரிக்கழிவும் கிடைக்கும் என்கிறார் டீலர். உத்தரவாதம் இருக்குமே என்றுதான் புதியதாகப் பார்க்கிறோம். பேரப்பிள்ளைகள் வருடத்தில் மூன்று வாரம் வந்து தங்கத் தனி அறை உள்ள மாடலையே வாங்கச் சொல்கிறாள் மகள். கையில் இருக்கும் பணத்தைத் தொடாமல் சந்தையில் போடுங்கள் என்கிறார் மைத்துனர். எந்த நிறுவனத்தின் வண்டி நீடித்து உழைக்கும்? எங்களிடம் கடனில்லாத முக்கால் டன் வகைப் பிக்கப் டிரக் இருக்கிறது, தாங்கும் சுமை 3,100 பவுண்டு என்று கதவுத் தூணின் தாளில் இருக்கிறது. இழுக்கும் என்கிறார் டீலர், அது இழுக்குமா? 500 டாலர் கொடுத்து வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டும். பழைய கடன் தாள்களையும் டீலரின் கணக்கையும் இணைத்திருக்கிறோம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

பதில்: நீங்கள் வண்டியின் உழைப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. 2019இல் வாங்கிய வண்டியை 2022இல் மாற்றியபோது அதன் கடன் முழுதாக அடைந்திருந்ததா? நீங்கள் அனுப்பிய தாள்களின்படி இல்லை. ஏறக்குறைய 5 ஆயிரம் டாலர் பாக்கியை அடுத்த கடனில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் எப்போதோ கைவிட்ட வண்டிக்கு இன்றும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது இரண்டாவது முறையாக அதையே செய்யப் போகிறீர்கள். 33 ஆயிரம் பாக்கி, டீலர் தருவது 21 ஆயிரம். மீதி 12 ஆயிரத்தை அவர் மன்னித்துவிடவில்லை. புதிய கடனுக்குள் வைத்துவிட்டார்.

டீலர் எழுதிக் கொடுத்த கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வண்டி ஒரு லட்சத்து 28 ஆயிரம். பழைய கடனின் மிச்சம் 12 ஆயிரம். டெக்சாஸ் விற்பனை வரி 6.25 சதவீதம், பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த தொகைக்கு, சுமார் 6,700. நீட்டித்த சேவை ஒப்பந்தமும் மேற்பூச்சுப் பாதுகாப்பும் சேர்த்து 8,300. இந்த இரண்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மாதத் தவணையை மட்டும் பார்ப்பவருக்கு இவை கண்ணில் படாது. மொத்தம் ஒரு லட்சத்து 55 ஆயிரம். முன்பணத்தைக் கழித்தால் கடன் ஒரு லட்சத்து 40 ஆயிரம் டாலர். வண்டியின் விலையைவிடக் கடன் பெரியது, அதுவும் 15 ஆயிரத்தைக் கையிலிருந்து கொடுத்த பிறகு.

ஐந்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று பாருங்கள். அதற்குள் ஏறக்குறைய 73 ஆயிரம் டாலர் கட்டியிருப்பீர்கள். அதில் அசலுக்குப் போனது 17 ஆயிரத்துக்கும் குறைவு. பாக்கி ஒரு லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேல் நிற்கும். வண்டி அன்று பாதி விலைக்குப் போனால், அதாவது 64 ஆயிரத்துக்கு, நீங்கள் விற்க நினைக்கும் நாளில் 59 ஆயிரம் டாலரைக் கையிலிருந்து எடுத்து வைத்தால்தான் விற்கவே முடியும். உடல்நலம் சரியில்லாமல் போய் ஓரிடத்தில் தங்க வேண்டி வந்தால் அந்தப் பணத்துக்கு எங்கே போவீர்கள்? 20 ஆண்டும் கட்டி முடித்தால் மொத்தம் 2 லட்சத்து 91 ஆயிரத்துக்கு மேல். உங்கள் வீடு கொடுத்த பணம் முழுவதும் இதற்கே சரியாகிவிடுகிறது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடாத ஆர்.வி. பார்க்குகள் (இத்தகைய வீட்டு வண்டிகள் தங்கும் தளங்கள்) பல இருக்கின்றன. இந்தக் கடனின் பின்பாதி முழுவதும், அத்தகைய வாசல்களில் திருப்பி அனுப்பப்படக்கூடிய வண்டிக்காக நீங்கள் கட்டும் தவணை.

மைத்துனர் சொல்வதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடனுக்கு நீங்கள் கட்டும் 8.5 சதவீதம் நிச்சயம். சந்தை தரப்போவது நிச்சயமில்லை. 63 வயதில், சம்பளம் நின்றுபோன பிறகு, நிச்சயமான நஷ்டத்தை வைத்துக்கொண்டு நிச்சயமில்லாத லாபத்தைத் துரத்துவதை நான் ஒப்பமாட்டேன். வட்டிக்கு வரிக்கழிவு கிடைக்கும் என்று டீலர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படுக்கை, சமையல், கழிப்பிட வசதி உள்ள டிரெய்லரை வருமான வரித்துறை வீடாகவே கருதுகிறது, அது உண்மைதான். ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்கே அந்தப் பயன். செலவுக் கணக்குக் காட்டாமலே தம்பதியருக்குக் கிடைக்கும் நிலையான கழிவே 30 ஆயிரம் டாலர் அளவில் இருக்கிறது. உங்கள் முதலாண்டு வட்டி 12 ஆயிரத்தைத் தொடாது. உங்களுக்கு ஒரு டாலர்கூட மிச்சமாகாது.

அதைவிட முக்கியமான ஒன்று. இதுபோன்ற கடன்களில் பல, வண்டியை முழுநேர வசிப்பிடமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு வருகின்றன. வீட்டை விற்றுவிட்ட நீங்கள், விண்ணப்பத்தில் ‘விடுமுறைப் பயன்பாடு’ என்ற கட்டத்தில் குறியிட்டால் அது பொய். எழுதிக்கொள்கிறவர் விற்பனையாளராக இருக்கலாம், கையெழுத்து உங்களுடையது.

புதிய வண்டி வாங்குவதற்கு நீங்கள் சொல்லும் ஒரே காரணம் உத்தரவாதம். அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான ஃபிஃப்த் வீல்களுக்கு அடிப்படை உத்தரவாதம் ஓராண்டுதான். அதிலும் பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டுமே பொருந்தும், நிரந்தரமாகக் குடியிருந்தால் செல்லாது என்று எழுதும் நிறுவனங்கள் பல. உங்கள் மாடலின் கையேட்டிலும் அந்த வரி இருந்தால், நீங்கள் குடியேறும் நாளிலேயே அது உதவாமல் போகும். நீட்டித்த சேவை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நீர்க்கசிவையும் இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் பசையின் விரிசலையும் விலக்கிவிடுகின்றன. டிரெய்லர்களைக் கெடுப்பதே நீர்க்கசிவுதான்.

இனி டிரக். ‘இழுக்கும்’ என்று டீலர் சொன்னது பொய்யல்ல. இழுவைத் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் டிரக் தாங்கக்கூடிய சுமை 3,100 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் கருவிகளும் சேர்ந்து 500, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 200 போனால் மிஞ்சுவது 2,400. நீங்கள் பார்த்த வண்டிக்குப் பொருளோடு சேர்த்து அனுமதித்த உச்ச எடை 16,500 பவுண்டு. ஃபிஃப்த் வீலில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு எடை கிங்பின் என்ற இணைப்பு முள் வழியாக டிரக்கின் முதுகில் இறங்கும், அதாவது 3,300. நிறையப் பொருள் ஏற்றினால் இன்னும் கூடும். 900 பவுண்டு அதிகச் சுமையோடு மலைப்பாதையில் இறங்குவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அப்படியென்றால் இரட்டைப் பின்சக்கர ஒரு டன் டிரக் வேண்டும், அதற்கு இன்னொரு கடன். டெக்சாஸில் இன்னொரு சிக்கலும் வரும். டிரக், டிரெய்லர் இரண்டின் நிர்ணய உச்ச எடையும் சேர்ந்து 26 ஆயிரம் பவுண்டைத் தாண்டினால் ‘ஏ’ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். உங்கள் டிரக்கின் 10,000 பவுண்டோடு இந்த வண்டியின் 16,500ஐக் கூட்டினால் தாண்டிவிடுகிறது.

இத்தனைக்கும் காரணம் அந்தத் தனி அறை. பேரப்பிள்ளைகள் வருடத்தில் மூன்று வாரம் வருவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வாரமும் பக்கத்துத் தளத்தில் ஒரு கேபினை மகள் வாடகைக்கு எடுக்கட்டும், அல்லது நீங்களே எடுத்துக் கொடுங்கள். அந்த அறைக்காக பத்தடி நீளமும் நாலாயிரம் பவுண்டும் கூடுகின்றன, ஸ்லைடு எனப்படும் வெளியே தள்ளும் அறைப்பகுதி ஒன்றும் கூடுகிறது. ஒவ்வொரு ஸ்லைடும் சுவரில் வெட்டிய பெரிய துளை. சட்டத்தின் வலு அங்கே குறைகிறது, தண்ணீர் நுழைய வழி கூடுகிறது. நீடித்து உழைப்பதுதான் முக்கியம் என்றால் ஸ்லைடு குறைந்த வண்டியே நல்லது.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழிலின் தலைநகரம் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட். கடைகளில் காணும் பெயர்களில் மிகப் பல தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபாகோ ஆகிய மூன்று குழுமங்களுக்குள் அடங்கும். அடிச்சட்டம், அச்சு, ஜன்னல் எல்லாம் பெரும்பாலும் ஒரே சில சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. ஆகவே பெயரைவிடக் கட்டுமானத் தரத்தைப் பாருங்கள். ஒரே நிறுவனம் மலிவான வரிசையும் செய்யும், கனமான வரிசையும் செய்யும். அடிச்சட்டத்தைத் தாங்களே செய்யும் நிறுவனங்கள் குறைவு. ஓரிகனிலுள்ள நார்த்வுட் அதில் ஒன்று, அதன் ஆர்க்டிக் ஃபாக்ஸ் வரிசையில் உங்கள் டிரக்குக்குப் பொருந்தும் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். முழுநேர வாழ்க்கைக்கென்றே கட்டிய டி.ஆர்.வி. நிறுவன வண்டிகள் நல்ல கனம், ஆனால் உங்கள் டிரக் அவற்றைத் தாங்காது.

நீங்கள் தேட வேண்டியது: ஐந்து வயதுக்கு உட்பட்ட பழைய வண்டி, உச்ச எடை 12 ஆயிரம் பவுண்டுக்குள், நீளம் 30 அடியை ஒட்டி, ஒன்று அல்லது இரண்டு ஸ்லைடு. ஏற்றக்கூடிய சுமை எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது 2 ஆயிரம் பவுண்டுக்குக் குறையக் கூடாது. 60 காலன் குடிநீரே 500 பவுண்டு எடை. 2021இல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் ஆர்.வி.கள் வெளியே வந்தன, அதற்கு முன் கண்டிராத எண்ணிக்கை. அந்தக் காலத்து வண்டி என்றால் அவசரத்தில் கட்டியதாக இருக்கலாம், இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பார்க்கப் போகும்போது கூரைக்கு ஏறுங்கள். சீலன்ட் வெடித்திருந்தால் உள்ளே அலமாரி மூலைகளில் கறை தேடுங்கள். பக்கச் சுவரைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பு அலையலையாகத் தெரிந்தால் உள்ளே சுவரின் அடுக்குகளை ஈரம் பிரித்துக்கொண்டிருக்கிறது, திரும்பிவிடுங்கள். படுக்கையறைப் பக்கம் முன்மூலையில் விரிசலோ, கிங்பின் பெட்டிக்கு மேல் சுவரில் இடைவெளியோ இருந்தால் சட்டம் வளைகிறது என்று பொருள், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஸ்லைடின் ஓரத்தில் தரையை மிதித்துப் பாருங்கள். டயரில் நான்கு இலக்கங்கள் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஆறு வயதான டிரெய்லர் டயர் நெடுஞ்சாலைக்கு ஆகாது. இவ்வளவும் பார்த்த பிறகு, விற்பவரோடு தொடர்பில்லாத பயிற்சி பெற்ற ஆர்.வி. பரிசோதகர் ஒருவரை வைத்து முழுமையாகச் சோதியுங்கள். 1,200 டாலர் ஆகும் என்று வையுங்கள், அந்தச் செலவில் கஞ்சம் வேண்டாம்.

இந்த வழியில் கணக்கு: நல்ல நிலையில் உள்ள வண்டி 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வரி 3,100. பரிசோதனை 1,200. டயர், பிரேக், பேரிங், கூரை சீலன்ட் ஆகியவற்றை வாங்கியவுடனே செய்துவிட 6 ஆயிரம். இப்போதைய டிரெய்லரை நேரடியாக விற்றால் 24 ஆயிரம் வந்தாலும் கடனை மூட 9 ஆயிரம் போட வேண்டும். அதைப் போட்டுவிடுங்கள், அது எந்தப் புதுக் கடனிலும் ஏறக் கூடாது. எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்துக்குள். கையில் 2 லட்சத்து 20 ஆயிரம் நிற்கும், தவணை எதுவும் இல்லை. நீங்கள் கட்டத் தயாராக இருந்த 1,215இல் 500 டாலரை மாதந்தோறும் பழுதுபார்ப்புக் கணக்கில் போடுங்கள். அது போதாத ஆண்டும் வரும், அதற்காக முதலிலேயே 10 ஆயிரத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். முழுநேர வசிப்புக்கான காப்பீடு என்று தனியாகக் கேட்டு எடுங்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65 வயதில்தான் தொடங்கும். அதுவரை உங்கள் மருத்துவக் காப்பீடு டெக்சாஸுக்கு வெளியே எதற்கெல்லாம் செல்லும் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டீலர் சேர்த்து விற்கப் பார்க்கும், முகாம் தளங்களில் தங்குவதற்கான உறுப்பினர் திட்டத்தில் ஓராண்டுவரை கைவைக்காதீர்கள். முதலில் பல ஆயிரம், பிறகு ஆண்டுதோறும் கட்டணம். நீங்கள் எந்தப் பக்கம் சுற்றப் போகிறீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. மொன்டானாவில் ஒரு கம்பெனி திறந்து அதன் பெயரில் வண்டியைப் பதிந்தால் வரி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். டெக்சாஸில் குடியிருப்பவர் அதைச் செய்தால் வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டக்கூடும். லித்தியம் பேட்டரியும் சூரியத் தகடும் நல்லவைதான், ஆனால் எவ்வளவு நாள் மின் இணைப்பில்லாத இடத்தில் தங்குகிறீர்கள் என்று ஆறு மாதம் பார்த்த பிறகு, ரொக்கத்தில் வாங்குங்கள்.

நீங்கள் கொடுத்த 500 டாலரின் ரசீதை இன்றே எடுங்கள். திருப்பித் தரப்படும் என்று இருந்தால், வாங்கவில்லை என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். நேரில் போகாதீர்கள், போனால் தவணையை 1,150 ஆக்கிக் காட்டுவார்கள், அதற்காக ஆண்டுகள் கூடியிருக்கும். திருப்பித் தரப்படாது என்று இருந்தால் அந்த 500 டாலரை விட்டுவிடுங்கள்.