ஜிஎம் டயட் இருந்தால் 7 நாளில் 5 கிலோ குறையுமா? ஆபத்து உண்டா?

ஜிஎம் டயட் என்பது நாளுக்கொரு வகை உணவு என்று 7 நாள் இருக்கும் பத்தியம். அதில் எடை மெஷின் 2, 3 கிலோ குறைத்துக் காட்டலாம். ஆனால் குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர்.

கல்லீரலிலும் தசையிலும் சுமார் அரை கிலோ வரை கிளைகோஜன் (உடல் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் நாள் பழம், இரண்டாம் நாள் காய் என்று வயிற்றைக் காயப்போட்டதும் இந்தச் சேமிப்பு கரையும். தண்ணீரும் கூடவே போகும். எட்டாம் நாள் இட்லி, சோறு என்று திரும்பினால் போன தண்ணீரும் திரும்பிவிடும்.

கணக்குப் போட்டே பாருங்களேன். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. 5 கிலோவுக்கு 38,500. அப்படியென்றால் தினமும் 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். முழுப் பட்டினி கிடந்தாலும் சாதாரண ஆளுக்கு 2,000 சொச்சம்தான் செலவாகும்!

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கார் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்ற வாட்ஸ்அப் கதைக்கும் நம்பகமான ஆதாரம் கிடையாது.

ஆரோக்கியமானவருக்கு ஒரு வாரத்தில் தலைவலி, சோர்வு, சிடுசிடுப்போடு போய்விடும். முதல் 3 நாள் புரதம் மிகக் குறைவு என்பதால் தசையும் கொஞ்சம் கரையலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் கதை வேறு: மருந்து அதே அளவு, சாப்பாடு பாதி என்றால் சர்க்கரை இறங்கி மயக்கமே வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நாலாம் நாளின் 8 வாழைப்பழம் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குழப்பலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.