பட்டாம்பூச்சித் தபால்தலை எந்த உறைக்கு?

தபால்தலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளின் கல்யாணப் பத்திரிகையை ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் சதுரமாக அடித்திருக்கிறோம். உறையில் தபால்தலை ஒட்டும் மூலையில் ஒரு பட்டாம்பூச்சியின் நிழலுருவை அச்சிட்டிருக்கிறார்கள். 2021 மார்ச் 9 அன்று அமெரிக்காவில் வெளியான பட்டாம்பூச்சித் தலையைத்தான் அங்கே ஒட்ட வேண்டுமா? — டாலஸ் வாசகி

பதில்: ஆம், அந்த நிழலுரு அதைத்தான் சொல்கிறது. அது வெறும் அலங்காரம் இல்லை. கடிதம் பிரிக்கும் இயந்திரம், உறையை அதன் நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, இரண்டு பட்டைகளுக்கு நடுவே வேகமாக ஓட்டிச் செல்லும். சதுர உறைக்கு நீளப் பக்கம் என்று ஒன்று கிடையாது. ஓட்டத்தில் அது உருண்டு திரும்பிவிட்டால் முகவரியைப் படிக்கும் கேமரா தடுமாறும். பிறகு ஆள் கையால் எடுத்துப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்கான கூடுதல் கட்டணத்தையும் சாதாரணக் கடிதக் கட்டணத்தையும் சேர்த்து ஒரே தலையாக்கியதுதான் பட்டாம்பூச்சித் தலை. 2010இல் முதலில் வந்தது மொனார்க் என்ற பட்டாம்பூச்சியின் தலை: 44 சென்ட்டும் 20 சென்ட்டும் சேர்ந்து 64 சென்ட். வாழ்த்து அட்டை உறைகளில் நிழலுரு அச்சிடும் பழக்கமும் இந்த வரிசையை ஒட்டி வந்ததே.

2021இல் வந்தது கொலராடோ ஹேர்ஸ்ட்ரீக் என்ற பட்டாம்பூச்சியின் தலை. ஊதா இறக்கை, கறுப்பு ஓரம், மூலைகளில் ஆரஞ்சுப் புள்ளி. வெளியான அன்றைய மதிப்பு 75 சென்ட்: கடிதத்துக்கு 55, கூடுதல் 20. தலையில் விலை அச்சாகவில்லை, இயந்திரத்துக்கு ஒவ்வாத உறைக்கான கூடுதல் கட்டணம் என்ற ஆங்கில வாசகம்தான் இருக்கிறது. அதனால் நாளை கட்டணம் ஏறினாலும் ஒரு அவுன்ஸ் சதுர உறைக்கு இந்த ஒரு தலை போதும். இது கிடைக்காவிட்டால் ஒரு ஃபாரெவர் தலையும் (கட்டணம் ஏறினாலும் சாதாரணக் கடிதத்துக்குச் செல்லும் தலை), அதன் பக்கத்தில் கூடுதல் கட்டணத்துக்கு இன்னொரு தலையும் ஒட்டலாம்; 2021இல் அந்தக் கூடுதல் 20 சென்ட்.

நம்மவர்கள் இடறுவது எடையில்தான். ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம் சொச்சம், அதாவது சாதாரண வெள்ளைத்தாள் நாலும் ஒரு உறையும். பிள்ளையார் படம் போட்ட கனத்த அட்டை, உள்ளே முகூர்த்தத்துக்கு ஒரு தாள், வரவேற்புக்கு ஒரு தாள், பதில் அட்டை என்று அடுக்கினால் இரண்டு அவுன்ஸை எளிதில் எட்டிவிடும். கூடுதல் அவுன்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வேண்டும்; 2021இல் அது 20 சென்ட். இருநூறு உறையிலும் தலை ஒட்டுவதற்கு முன்பு, எல்லாம் உள்ளே வைத்து மூடிய ஒரே ஒரு உறையைத் தபாலக கவுண்டருக்குக் கொண்டுபோய் எடை போடுங்கள்.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. கடிதம் என்ற கணக்கில் சேர உயரம் 6⅛ அங்குலம், தடிமன் கால் அங்குலம், இவற்றைத் தாண்டக் கூடாது. உங்கள் ஆறு அங்குல உறை தப்பிவிட்டது. ஏழு அங்குலச் சதுரமாக இருந்திருந்தால் அது பெரிய உறை வகைக்குப் போய்விடும். அதற்கு 2021இல் ஒரு அவுன்ஸுக்கே ஒரு டாலர். அதில் பட்டாம்பூச்சியை மட்டும் ஒட்டியிருந்தால் அன்று 25 சென்ட் குறைந்திருக்கும். உறை உங்களிடமே திரும்பலாம், அல்லது பாக்கித் தொகையை, உறையைப் பெறுகிறவர் கட்ட நேரும். கல்யாணப் பத்திரிகைக்கு அது நல்லதா?

கேள்வி: எங்கள் உறை நீள்சதுரம்தான். இதற்கும் பட்டாம்பூச்சி வேண்டும் என்று கவுண்டரில் சொல்கிறார்கள். சரியா? — நியூ ஜெர்சி வாசகர்

பதில்: சரியாக இருக்கலாம். நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 1.3க்கும் 2.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். 7க்கு 5 உறை 1.4, தேறிவிடும். 7க்கு 5½ உறை கண்ணுக்கு நீள்சதுரம்தான், ஆனால் 1.27, தேறாது. 9க்கு 3½ என்ற ஒல்லி உறை 2.57, அதுவும் தேறாது.

வடிவம் தேறினாலும் வேறு காரணம் இருக்கலாம். வெளியே பட்டு நூலோ குஞ்சமோ கட்டினால், கொக்கி வைத்தால், வளையாத மரத்தகடு மாதிரி அட்டை போட்டால், முகவரியைக் குறுகிய பக்கத்துக்கு இணையாக எழுதினால் கூடுதல் கட்டணம் விழும். உள்ளே மஞ்சள் கிழங்கோ அட்சதைப் பொட்டலமோ வைப்பது இன்னும் மோசம். ஓரிடத்தில் மட்டும் புடைத்த உறை இயந்திரத்தில் சிக்கினால் கிழியும். மஞ்சளையும் அட்சதையையும் நேரில் கொடுக்கிற பத்திரிகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தத் தலையை ஒட்டி ஊருக்கு, மதுரைக்கு அனுப்பலாமா? — சிகாகோ வாசகி

பதில்: ஒட்டலாம், ஆனால் அது மட்டும் போதாது. வெளிநாட்டுக் கடிதத்தில், அனுப்பும் நாளில் அதற்கு உள்நாட்டில் உள்ள மதிப்பு மட்டும் கணக்கில் வரும். மீதியை வேறு தலையால் நிரப்ப வேண்டும். சதுர உறைக்கு வெளிநாட்டுக் கட்டணத்திலும் தனிக் கூடுதல் உண்டு.

கேள்வி: உறையில் வந்த பட்டாம்பூச்சித் தலையை வெந்நீரில் ஊறப் போட்டேன். தாள் கூழானது, தலை வரவில்லை. எப்படி எடுப்பது? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ஈரம் தொட்டு ஒட்டும் பழைய பசைத் தலைகளுக்குத்தான் தண்ணீர். அவற்றைச் சுற்றி ஒரு செ.மீ. தாள் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் மிதக்க விட்டால் தானாக நழுவும். சிவப்பு, ஊதா உறைத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். சாயம் இறங்கி மற்றத் தலைகளைக் கெடுத்துவிடும். பிறகு பசையைக் கழுவி, முகம் கீழாக மையொற்றுத் தாளில் உலர்த்தி, ஒரு நாள் கனத்த புத்தகத்துக்குள் வையுங்கள்.

அமெரிக்காவின் சமீப ஆண்டுத் தலைகள் ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டுபவை. முன்பு இப்படிப்பட்ட தலைகளில் பசைக்கும் தாளுக்கும் நடுவே நீரில் கரையும் ஒரு படலம் இருந்தது. இப்போது பெரும்பாலானவற்றில் அது இல்லை, அதனால்தான் உங்கள் வெந்நீர் தோற்றது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயால் ஆன, வேறு கலப்பில்லாத அறை வாசனைத் தெளிப்பானை உறைத் தாளின் பின்பக்கம் நனையும் அளவுக்கு அடியுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, தலையைக் குப்புற வைத்து, தாளைத் தலையிலிருந்து உரியுங்கள். தலையைத் தாளிலிருந்து இழுத்தால் சுருண்டு மடிப்பு விழும். பின்னால் மிஞ்சும் பிசுபிசுப்பில் முகப்பவுடர் தடவித் தட்டிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ விளக்கோ வேண்டாம். அந்த எண்ணெய் தீப்பற்றும்.

ஆனாலும் எங்கள் யோசனை, உரிக்கவே வேண்டாம். ஐந்து மி.மீ. தாள் விட்டு நேராக வெட்டி அப்படியே வையுங்கள். சதுர உறையோடு, முத்திரையோடு முழுசாக இருந்தால் உறையையே வையுங்கள். இந்தத் தலை எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்த அடையாளம் அந்த உறையில்தான் இருக்கிறது.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் 1970களில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த கடிதங்கள். எல்லாவற்றிலும் பட்டாம்பூச்சித் தலைகள். மதிப்பு உண்டா? — காரைக்குடி வாசகர்

பதில்: பெரிய பணம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அருமையான வரிசை. மலேசியா 1970 ஆகஸ்ட் 31 அன்று 25 சென்ட் முதல் 10 மலேசிய டாலர் வரை எட்டு பட்டாம்பூச்சித் தலைகளை வெளியிட்டது. 1971 பிப்ரவரியில் 13 மாநிலங்களுக்கும் தலா ஏழு, 1 சென்ட் முதல் 20 சென்ட் வரை. பட்டாம்பூச்சிகள் எல்லா மாநிலத்துக்கும் அதே ஏழுதான். மாறுவது பக்கத்தில் இருக்கும் மாநில ஆட்சியாளரின் படம் அல்லது மாநிலச் சின்னம். ஆகப் படம் ஒன்றே என்று இரட்டைப் பிரதியாக எண்ணித் தள்ளிவிடாதீர்கள். மாநிலப் பெயரை லென்ஸில் படியுங்கள். பட்டாம்பூச்சிக்கும் அந்த மண்ணுக்கும் தபால்தலை உறவு இன்னும் பழையது: 1950இல் சரவாக் வெளியிட்ட 1 சென்ட் தலையில் ராஜா புரூக் பறவை இறக்கைப் பட்டாம்பூச்சி இருக்கிறது.

இந்தக் கடிதங்களிலிருந்து ஒரு தலையையும் வெட்டாதீர்கள். நீல வான்கடிதத் தாளில் தலை அச்சாகவே இருக்கும். அதை வெட்டினால் இரண்டும் போச்சு. கடிதத்தை மடிப்பிலிருந்து பிரித்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவே வையுங்கள். செல்லோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது.

கேள்வி: 1981இல் இந்தியா வெளியிட்ட நான்கு பட்டாம்பூச்சித் தலைகள் ஒட்டாத நிலையில் என்னிடம் உள்ளன. பழுப்புப் புள்ளி விழுகிறது. — நாகப்பட்டினம் வாசகி

பதில்: அது பூஞ்சை. கடற்காற்றின் ஈரம் பசையையும் தாளையும் பிடித்துவிட்டது. புள்ளி விழுந்த தலையை முதலில் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள், பரவும். வெளுக்க வைக்கும் மருந்து எதுவும் வேண்டாம்; பசையோடு நிறமும் போகும், இரண்டு ரூபாய்த் தலையில் இருக்கும் கைசர்-இ-ஹிந்த் என்ற பட்டாம்பூச்சியின் பச்சையும் போகும். மற்றவற்றைக் கிளாசின் எனும் வழவழப்பான மெல்லிய தாள் உறையில் இட்டு, ஆல்பத்தைப் படுக்கப் போடாமல் நிற்க வைத்து, பீரோவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். ஜெல் நிறம் மாறியதும் உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை பாருங்கள். மழை விட்ட காய்ந்த நாளில் ஆல்பத்தை மின்விசிறிக்கு அடியில் அரைமணி நேரம் திறந்து வைக்கலாம்; வெயிலில் வைக்கக் கூடாது. தலையைத் தொட இடுக்கிதான், விரல் அல்ல.